அறிந்து உண்ணும் உரிமை

சந்தைக்குச் செல்லும் குடும்பங்களிடம் அண்மைக் காலமாக ஓர் அச்சம் காணப்படுகிறது. விதையில்லாத் தர்ப்பூசணியையோ கைக்குள் அடங்காத பெரிய கொய்யாவையோ பார்த்தவுடன், “இது மரபணு மாற்றியதாக இருக்கும்; வேண்டாம்” என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். புலனத்தில் பகிரப்படும் செய்திகளும் இந்த அச்சத்திற்கு எண்ணெய் வார்க்கின்றன. ஆனால், அவர்கள் ஒதுக்கும் பழங்கள் மரபணு மாற்றப்பட்டவை அல்ல. ஐயமே இல்லாமல் அவர்கள் எடுத்துக் கூடையில் வைக்கும் சோயா பாலிலும் சோளமாவுப் பொட்டலத்திலும்தான் மரபணு மாற்றிய பயிர் இருக்க வாய்ப்பு உண்டு. திருடன் ஒரு தெருவில் இருக்க, காவல் வேறு தெருவில் நிற்பதைப் போன்றது இது.

மரபணு மாற்றிய உணவை உண்பதா, தவிர்ப்பதா என்பதை முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு குடும்பத்திற்கும் உண்டு. அந்த உரிமையை அச்சத்தால் பயன்படுத்த முடியாது. அறிவால்தான் பயன்படுத்த முடியும். எந்த உணவில் அது இருக்கிறது, எதில் இல்லை, அதைப் பற்றி எழுப்பப்படும் கவலைகளில் எவை மெய், எவை வதந்தி என்பனவற்றைத் தெரிந்துகொண்ட பிறகே எடுக்கும் முடிவு பயன் தரும்.

முதலில், மரபணு மாற்றம் என்பது யாதெனத் தெளிவாக அறிதல் வேண்டும். ஓர் உயிரின் இயல்புகளைத் தீர்மானிப்பவை அதன் மரபணுக்கள். பண்டைக் காலம் முதலே உழவர்கள் நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்தும் ஒன்றோடொன்று கலப்புச் செய்தும் புதிய வகைகளை உருவாக்கி வந்துள்ளனர். மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எக்சோட்டிகா’ பப்பாளி, இரண்டு பப்பாளி வகைகளைக் கலந்து பெறப்பட்டதாகும். விதையில்லாத் தர்ப்பூசணியும் கலப்பு முறையில் உருவானதுதான். இவை மரபணு மாற்றிய உணவுகள் அல்ல.

மரபணு மாற்றம் இதிலிருந்து வேறுபட்டது. ஓர் உயிரிலிருந்து குறிப்பிட்ட ஒரு மரபணுவை எடுத்து, அதற்குத் தொடர்பே இல்லாத மற்றோர் உயிரில் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பதே இம்முறை. எடுத்துக்காட்டாக, மண்ணில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியாவின் மரபணு மக்காச்சோளத்தில் சேர்க்கப்படுகிறது. அதனால், தண்டைத் துளைக்கும் புழுக்களைக் கொல்லும் புரதத்தைச் சோளச்செடி தானே உற்பத்தி செய்துகொள்கிறது. களைக்கொல்லி மருந்து தெளித்தாலும் வாடாத சோயாச்செடி மற்றோர் எடுத்துக்காட்டு. வயலில் களைகள் கருகும். சோயா மட்டும் நிற்கும். இத்தகைய உணவுகளுள் முதன்முதலில் விற்பனைக்கு வந்தவற்றில் ஒன்று, 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான தக்காளி. விரைவில் கனிந்து அழுகாதபடி உருவாக்கப்பட்ட அத்தக்காளி சில ஆண்டுகளிலேயே சந்தையைவிட்டு மறைந்தது. ஆனால், 1996ஆம் ஆண்டு பெருமளவில் பயிரிடப்படத் தொடங்கிய சோயாவும் சோளமும் இன்று உலகெங்கும் பரவியுள்ளன.

மலேசியாவில் மரபணு மாற்றிய உணவுப் பயிர்கள் வணிக முறையில் பயிரிடப்படுவதில்லை. ஆகவே, கேமரன் மலையிலிருந்து வரும் முட்டைக்கோசையோ சாலையோரத்தில் அவித்து விற்கப்படும் உள்ளூர்ச் சோளத்தையோ கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், நாட்டிற்குத் தேவையான சோயா அவரையும் கால்நடைத் தீவனத்திற்கான சோளமும் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. உலகச் சந்தைக்குச் சோயாவை மிகுதியாக அனுப்பும் நாடுகள் அமெரிக்கா, பிரேசில், அர்ஜெண்டினா ஆகியவை. இம்மூன்று நாடுகளிலும் விளையும் சோயாவில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது மரபணு மாற்றப்பட்டதாகும். தௌஹு, தெம்பே, சோயா பால், கிச்சாப் ஆகியவை மலேசியச் சமையலறைகளில் அன்றாடம் புழங்கும் பொருள்கள். எனவே, தவிர்க்க விரும்பும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது பழக்கடையை அன்று. சோயாவும் சோளமும் சேர்ந்த பொட்டலங்களையே.

இனி, மக்கள் எழுப்பும் கவலைகளை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். முதலாவது, ஒவ்வாமை பற்றிய கவலை. இக்கவலை அடிப்படையற்றதன்று. 1990களில் ஒரு விதை நிறுவனம், சோயாவிலுள்ள புரதத்தின் தரத்தை உயர்த்துவதற்காகப் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றை அதில் சேர்த்துப் பார்த்தது. பிரேசில் கொட்டை சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அந்த ஒவ்வாமைத் தன்மையும் சோயாவுக்குள் புகுந்துவிட்டதைச் சோதனைகள் காட்டின. 1996ஆம் ஆண்டு அம்முடிவுகள் வெளிவந்தன. அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. இந்நிகழ்விலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கலாம். ஆபத்து ஏற்படக்கூடும் என்பது ஒன்று. முறையாகச் சோதித்தால் ஆபத்தை முன்கூட்டியே தடுக்க முடியும் என்பது மற்றொன்று.

இரண்டாவது, கலப்படம் பற்றிய கவலை. அமெரிக்காவில் ‘ஸ்டார்லிங்க்’ என்னும் ஒரு வகைச் சோளம் கால்நடைத் தீவனத்திற்காக மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அதிலுள்ள புரதம் மனிதர்களுக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தாது என்று உறுதியாகக் கூற இயலாததே அதற்குக் காரணம். ஆயினும், 2000ஆம் ஆண்டு அச்சோளம் மக்கள் உண்ணும் உணவுப் பொருள்களில் காணப்பட்டது. கடைகளிலிருந்து ஏராளமான பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. பாதிக்கப்பட்டதாகக் கூறியவர்களைப் பின்னர்ச் சோதித்தபோது, அவர்களின் ஒவ்வாமைக்கு அச்சோளம்தான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இருப்பினும், அறுவடை, சேமிப்பு, கப்பல், ஆலை எனப் பல கைகள் மாறும் தானியத்தை ஒன்றோடொன்று கலவாமல் காப்பது எளிதன்று என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

மூன்றாவது, சுற்றுச்சூழல் பற்றிய கவலை. களைக்கொல்லியைத் தாங்கும் பயிரை ஆண்டுதோறும் பயிரிட்டு, ஆண்டுதோறும் ஒரே மருந்தைத் தெளித்தால், நாளடைவில் அம்மருந்துக்கு மடியாத களைகள் தோன்றிவிடுகின்றன. அமெரிக்க வயல்களில் இது பெரும் சிக்கலாக வளர்ந்துள்ளது. அக்களைகளை அழிக்க மேலும் மேலும் மருந்து தேவைப்படுகிறது. நான்காவது, விதையின் உரிமை பற்றிய கவலை. அறுவடையில் ஒரு பகுதியை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைப்பது உழவரின் தொன்றுதொட்ட வழக்கம். காப்புரிமை பெற்ற மரபணு மாற்றிய விதைகளில் இவ்வழக்கத்திற்கு இடமில்லை. அத்தகைய சோயாவை விதைத்து, விளைந்ததை மீண்டும் விதையாகப் பயன்படுத்த நிறுவனத்தின் அனுமதி தேவை என்று 2013ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகின் உணவு ஒரு சில நிறுவனங்களின் கைப்பிடிக்குள் அடங்கிவிடுமோ என்று பலர் கேட்பது இதனால்தான்.

ஐந்தாவது, சமயமும் உணவு நெறியும் சார்ந்த கவலை. விலங்கின் மரபணு தாவரத்தில் சேர்க்கப்பட்டால் அது சைவ உணவாகுமா என்று சைவ உணவு உண்போர் கேட்கின்றனர். இன்று சந்தையிலுள்ள சோயாவிலும் சோளத்திலும் சேர்க்கப்பட்டுள்ளவை பெரும்பாலும் பாக்டீரியாவின் மரபணுக்களே. எனினும், நாளை வேறுவகைப் பயிர்கள் வரலாம். பல சமயத்தவர் வாழும் நாட்டில் இக்கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்க வேண்டும்.

இக்கவலைகளுக்கு மறுபக்கமும் உண்டு. இன்று உலகச் சந்தையில் இருக்கும் மரபணு மாற்றிய உணவுகள் பாதுகாப்புச் சோதனைகளைக் கடந்து வந்தவை என்றும், அவற்றால் மனித நலத்திற்குத் தீங்கு நேரும் வாய்ப்பு குறைவு என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கருதுகிறது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டன. மரபணு மாற்றிய பயிர்களை உண்பதால் மற்றப் பயிர்களைக் காட்டிலும் கூடுதல் தீங்கு ஏற்படுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அவ்வறிக்கை கூறியது. மடியாத களைகள் பெருகிவருவது பெரிய வேளாண் சிக்கல் என்பதையும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது.

நன்மை கண்ட இடங்களும் உள்ளன. ஹவாய்த் தீவில் நச்சுயிரி நோயால் பப்பாளித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. 1998ஆம் ஆண்டு வழங்கப்பட்ட மரபணு மாற்றிய பப்பாளியே அவற்றை மீட்டது. காய்ப்புழுவை எதிர்க்கும் கத்தரிக்காயை இந்தியா 2010ஆம் ஆண்டு நிறுத்தி வைத்தது. அண்டை நாடான வங்காளதேசமோ 2013ஆம் ஆண்டு அதற்கு அனுமதி வழங்கியது. அங்கு அதனைப் பயிரிட்ட உழவர்கள் பூச்சிமருந்து தெளிப்பது குறைந்தது. ஒரே கத்தரிக்காயைப் பற்றி இரண்டு நாடுகள் இருவேறு முடிவுகளை எடுத்துள்ளன. எனவே, மரபணு மாற்றிய உணவு முழுவதையும் நஞ்சு என்று ஒதுக்குவதும் சரியன்று. அமுதம் என்று போற்றுவதும் சரியன்று. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதித்துப் பார்ப்பதே முறை. சொன்னவர் யார் என்பதைவிடச் சொன்னதில் உண்மை உண்டா என்று பார்க்கும்படி கற்பித்தவர் வள்ளுவர். அந்த நெறி, புலனத்தில் வரும் செய்திக்கும் பொருந்தும். நிறுவனத்தின் விளம்பரத்திற்கும் பொருந்தும்.

தீங்குக்குச் சான்று இல்லையென்றால் தவிர்ப்பானேன் என்று சிலர் வினவலாம். மனிதர்கள் உணவைத் தேர்ந்தெடுப்பது நஞ்சா இல்லையா என்பதைப் பார்த்து மட்டுமன்று. ஒருவர் சமய நெறியால் ஓர் உணவை விலக்குகிறார். மற்றொருவர் மண்ணையும் உழவரையும் எண்ணி விலக்குகிறார். வேறொருவர் இன்னும் சில காலம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறார். இவை யாவும் மதிக்கத்தக்க காரணங்களே. தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு அடிப்படை, தெரிந்துகொள்ளும் உரிமை. பொட்டலத்தின் மீது உண்மை எழுதப்படாவிட்டால் தேர்ந்தெடுத்தல் என்பது வெறும் பேச்சாகிவிடும்.

மலேசியா இத்துறையில் சில நல்ல முயற்சிகளை மேற்கொண்டுள்ளது. 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றிய உயிரிகளை இறக்குமதி செய்வதையும் வெளியிடுவதையும் இச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. உணவுப் பொட்டலங்களில் மரபணு மாற்றம் பற்றிய விவரத்தை அச்சிட வேண்டுமென 2010ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள் திருத்தப்பட்டன. அத்திருத்தம் 2014ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இத்தகைய விவரச்சீட்டு வேண்டுமென்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளன.

ஆனால், இவ்வேலியில் சில இடைவெளிகள் உள்ளன. தவிர்க்க முடியாமல் கலந்துவிட்ட மரபணு மாற்றிய பொருள் 3 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் அதனைக் குறிப்பிடத் தேவையில்லை. நன்கு சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய், சீனி, சோளப்பாகு போன்றவற்றிற்கும் விலக்கு உண்டு. சுத்திகரிக்கும்போது மரபணுவும் புரதமும் நீங்கிவிடுவதால், இறுதிப் பொருளில் சோதித்துக் கண்டுபிடிக்க எதுவும் எஞ்சுவதில்லை என்பது இதற்குக் கூறப்படும் காரணம். உடல்நலக் கண்ணோட்டத்தில் அது பொருத்தமான காரணமே. ஆனால், சுற்றுச்சூழலையோ உழவரின் உரிமையையோ கருதித் தவிர்க்க விரும்புபவருக்கு அது போதுமான பதிலாகாது. அவர் கேட்பது எண்ணெயில் என்ன எஞ்சியுள்ளது என்பதையன்று. எந்த வயலில் விளைந்த அவரையிலிருந்து அந்த எண்ணெய் வந்தது என்பதையே. ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டு முதல் சுத்திகரித்த எண்ணெய்க்கும் விவரச்சீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. விதை முதல் ஆலை வரை ஆவணங்களைப் பின்தொடர்ந்து அங்கு உறுதிசெய்கின்றனர். செலவு கூடும் என்பது மெய்தான். எனினும், முயன்றால் முடியும் என்பதற்கு அது சான்று. மலேசியாவும் எண்ணெயிலிருந்து இம்முயற்சியைத் தொடங்குவது தகும்.

சட்டம் முழுமையாகும் வரை குடும்பங்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. தவிர்க்க விரும்புவோர் வீட்டிலிருந்தே தொடங்கலாம். சோயா, சோளம், கனோலா, பருத்திவிதை ஆகிய நான்கின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்வது முதற்படி. ‘சோயா லெசித்தின்’, ‘சோயாப் புரதம்’, ‘சோள மாவு’ எனப் பல பெயர்களில் இவை பிஸ்கட், சாக்லெட், மீ, சாசேஜ் முதலிய பொருள்களில் சேர்ந்திருக்கும். அடுத்து, உட்பொருள் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘மரபணு மாற்றப்பட்டது’ என்று பொருள்படும் சொற்கள் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ அப்பட்டியலில் இடம்பெறலாம். மரபணு மாற்றாத சோயாவைத் தனியே தருவித்துப் பயன்படுத்தும் உற்பத்தியாளர்கள் அதனைப் பொட்டலத்தில் குறிப்பிடுவதும் உண்டு. ஆகவே, தௌஹுவையும் சோயா பாலையும் அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வேறு வகையைத் தேர்ந்தெடுத்தாலே போதும். சிறந்த புரதம் தரும் மலிவான உணவை அச்சத்தால் கைவிட்டு, அவ்விடத்தில் நொறுக்குத்தீனியை நிரப்புவது குடும்பத்திற்கு நட்டமாகும்.

எண்ணெயைப் பொறுத்தவரை மாற்றுவழி எளிது. மரபணு மாற்றிய செம்பனையோ தென்னையோ எள்ளோ வேர்க்கடலையோ வணிக முறையில் எங்கும் பயிரிடப்படவில்லை. மலேசியாவில் விளையும் செம்பனை எண்ணெயும், தேங்காய் எண்ணெயும், நல்லெண்ணெயும் இவ்வகையில் ஐயத்திற்கு இடமில்லாதவை. துவரையும் உளுந்தும் அத்தகையனவே. சோறு, பருப்பு, கீரை, உள்ளூர்க் காய்கறி என வீட்டில் சமைக்கும் உணவில் சேரும் பொருள் ஒவ்வொன்றும் சமைப்பவருக்குத் தெரியும். ஆலையில் செய்த உணவில் அது தெரிவதில்லை. விவசாயத் துறை வழங்கும் ‘மைஆர்கானிக்’ சான்றிதழ் பெற்ற விளைபொருள்களும் மரபணு மாற்றிய விதையைப் பயன்படுத்தாதவை. ஆயினும், இயற்கை விளைபொருள்களின் விலை எல்லாருக்கும் எட்டக்கூடியதன்று. அவற்றை வாங்க இயலாத பெற்றோர், பிள்ளைகளுக்குத் தீங்கு செய்துவிட்டதாக வருந்தத் தேவையில்லை. இன்றுள்ள அறிவியல் சான்றுகள் அப்படிக் கூறவில்லை.

இரண்டு தவறான வழிகாட்டிகளையும் இனங்காண வேண்டும். இறக்குமதிப் பழங்களின் மீதுள்ள ஒட்டியில் 8 என்ற எண்ணில் தொடங்கும் ஐந்திலக்கக் குறியீடு இருந்தால் அது மரபணு மாற்றிய பழம் என்று ஒரு செய்தி பரவுகிறது. அவ்வெண் அதற்கென முன்பு ஒதுக்கப்பட்டது உண்மை. ஆனால், கடைகளில் அது அவ்வாறு பயன்படுத்தப்படவே இல்லை. அதை நம்பிப் பழம் வாங்குவதில் பயனில்லை. உப்பு, குடிநீர் போன்றவற்றின் மீது ‘மரபணு மாற்றமற்றது’ என்று அச்சிட்டு விற்பது மற்றொன்று. உப்புக்கும் நீருக்கும் மரபணுவே கிடையாது. அச்சொற்களுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இறுதியாக, குடும்பங்கள் கையாளத்தக்க வலிமையான வழி ஒன்று உண்டு. அது கேள்வி கேட்பதாகும். பொட்டலத்தில் விவரம் இல்லாவிட்டால், அதில் அச்சிடப்பட்டுள்ள முகவரிக்கு எழுதி, இந்தச் சோயா எங்கிருந்து வந்தது, மரபணு மாற்றப்பட்டதா என்று கேட்கலாம். ஒருவர் கேட்டால் நிறுவனம் பொருட்படுத்தாமல் இருக்கலாம். நூறு பேர் கேட்டால் பதிலை அச்சிட்டு வைப்பதே அதற்கு எளிதாகிவிடும். இப்பணியில் மாணவர்களுக்கும் பங்குண்டு. வீட்டு அலமாரியிலுள்ள பொட்டலங்களை எடுத்து, சோயாவும் சோளமும் எவற்றில் உள்ளன, எவற்றில் விவரம் உள்ளது, எவற்றில் இல்லை என்று பட்டியலிடலாம். விவரம் இல்லாதவற்றின் உற்பத்தியாளர்களுக்கு வகுப்பாகச் சேர்ந்து கடிதம் எழுதலாம். வரும் பதில் ‘ஆம்’ என்றும் இருக்கலாம். ‘இல்லை’ என்றும் இருக்கலாம். அதைப் படித்த பிறகு அக்குடும்பம் அந்தப் பொருளை வாங்கினாலும் தவறில்லை, விட்டாலும் தவறில்லை. இரண்டில் எதுவாயினும் அது அக்குடும்பம் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.